இரண்டு படகுகளும் ஏழு தண்ணீர் கேன்களும்

எந்தப் படகை வாங்குவது என்று ஆறு வாரம் எங்கள் வீட்டில் இதே பேச்சாக இருந்தது. 12 அடியா, 14 அடியா? அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நான் நாளுக்கு ஒரு பக்கம். இரண்டுமே கைமாறி வரும் பழைய அலுமினியப் படகுகள். இரண்டிலும் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்டு இன்ஜின். விற்கிறவர்கள் இருவரும் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஏதாவது ஒன்று மோசமாக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

முதலில் படகுகளைச் சொல்லிவிடுகிறேன். 12 அடிப் படகின் அடிப்பாகம், நடுவில் கூராக இறங்கி இரண்டு பக்கமும் சரிந்து மேலேறும். வி வடிவம் என்பார்கள். சுமார் 1.5 மில்லிமீட்டர் தகடு, ரிவெட் அடித்து இணைத்தது. வெறும் படகு 75 கிலோ. இன்ஜின் 9.9 குதிரைத்திறன். 14 அடிப் படகின் அடிப்பாகம் பலகை மாதிரி தட்டை. முன்பக்கமும் கூர் இல்லாமல் சதுரமாக வெட்டினாற்போல் நிற்கும். 2.5 மில்லிமீட்டர் தகடு, முழுக்க வெல்டிங். வெறும் படகே 150 கிலோ. இன்ஜின் 15 குதிரைத்திறன்.

எங்கள் தேவையும் பெரிதில்லை. நீளமான ஓர் ஏரி. ஒரு கரையில் கோரை மண்டிய ஆழமில்லாத நீர், மறுபக்கம் திறந்தவெளி, மதியத்துக்கு மேல் அங்கே காற்று ஏறும். போகப்போவது நான், 71 வயது அப்பா, 11 வயது மகள். மீன் பிடிக்கவும், காலையில் சும்மா ஒரு சுற்றுப் போய் வரவும்.

இரண்டையும் முதல் தடவை நான் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்தேன். படகு வாங்கப் போகிற எல்லாரும் அதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். அன்று பிற்பகல், நல்ல காற்று. 12 அடிப் படகு அலையைக் கிழித்துக்கொண்டு போனது. அணியம், அதாவது படகின் முன்முனை, மேலே ஏறி மெதுவாக இறங்குகிறது, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கி விழுகிறது, உடம்பில் ஓர் அதிர்ச்சியும் இல்லை. அடுத்த நாள் அதே நேரத்தில் 14 அடிப் படகை எடுத்தேன். ஒவ்வோர் அலைக்கும் தகரக் கதவில் ஓங்கி அறைந்த மாதிரி ஒரு சத்தம். அறை முதுகெலும்பு வரைக்கும் வந்தது.

காரணம் எளிது. கூரான அடி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கும், தட்டையான அடி முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் தண்ணீர்மேல் போடும். அடித்தகடு நீர்மட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது என்பதை வைத்து இதை அளப்பார்கள். தட்டைப் படகுக்கு 0. கடலில் வேகமாக ஓடும் ஆழமான வி வடிவப் படகுகளில் பின்பக்கத்திலேயே 20 டிகிரிக்கு மேல் இருக்கும். ஏரியில் ஓடும் சின்ன அலுமினியப் படகுகளில் அணியத்தில் நல்ல கூர் இருக்கும், பின்னால் போகப் போகத் தட்டையாகிவிடும். நான் பார்த்ததும் அப்படித்தான். ஆனாலும் அந்தக் கொஞ்சக் கூரே போதுமாக இருந்தது. 12 அடிதான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“நான் ஏறிப் பார்க்க வேண்டாமாடா?” என்று அப்பா கேட்டார்.

மறுவாரம் அழைத்துப் போனேன். படகுத்துறைப் பலகையிலிருந்து அவர் வலது காலைப் படகுக்குள் வைத்தார். விளிம்பை ஒட்டி வைத்தார். வயதானவர்கள் அப்படித்தான் வைப்பார்கள், நடுவுக்கு எட்டிப் போடக் கால் வராது. படகு சட்டென்று அவர் பக்கம் சாய்ந்தது. ஒரு கால் படகில், ஒரு கால் துறையில், கை தூணைப் பிடித்துக்கொண்டது. நான் தோளைப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஏறி உட்கார்ந்தார், ஒரு சுற்று வந்தோம், காற்று நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் சுற்று முழுவதும் அவர் கை இருக்கையின் ஓரத்தை விடவே இல்லை. விற்பவரான பெரியவர் அதைக் கவனித்துவிட்டு, “கொஞ்சம் ஆடும் தம்பி, ஆனா கவிழாது” என்றார். அவர் சொன்னது உண்மைதான். வி வடிவப் படகு முதலில் சட்டென்று சாயும், அடியும் பக்கமும் சேரும் மடிப்பு தண்ணீருக்குள் போனதும் இறுகி நின்றுவிடும். அந்த முதல் சாய்வை நானாக இருந்தால் பொருட்படுத்த மாட்டேன். அப்பாவுக்கு அந்த முதல் சாய்வுதான் முழுப் படகும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீர்மட்டத்தில் 12 அடிப் படகின் அகலம் சுமார் 100 செ.மீ., 14 அடிப் படகுக்கு 120. வித்தியாசம் 20 செ.மீ.தான், ஒரு சாண் அளவு. ஆனால் சாயும் படகை நிமிர்த்தும் தன்மை நீர்மட்ட அகலத்தோடு நேராகக் கூடுவதில்லை, அகலத்தின் மும்மடியாகக் கூடுகிறது. 1.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.73 வரும். கண்ணுக்கு ஒரு சாண். கால் வைக்கும்போது முக்கால் பங்கு கூடுதல் உறுதி. நீளமும் அதிகம் என்பதால் அதற்கு மேலேயும் கொஞ்சம் கிடைக்கும். இத்தனை நாள் விளம்பரங்களில் நீளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். 12, 14, 16 என்று நீளத்தை வைத்துத்தான் படகுக்குப் பெயரே சொல்கிறோம். அகலத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

அன்றைக்குப் பிறகுதான் தண்ணீர் கேன் யோசனை வந்தது. தனியாக ஓட்டிப் பார்த்தால் படகு என்னைப் பற்றித்தான் சொல்லும், நாங்கள் மூன்று பேரும் போனால் எப்படி இருக்கும் என்று சொல்லாது. அதற்காகக் குழந்தையையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு சோதனை செய்ய முடியாது. 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. அப்பாவுக்கு மூன்றரை, மகளுக்கு ஏறக்குறைய இரண்டு, மீதி ஒன்றரை நங்கூரம், கயிறு, பைகளுக்கு. ஆக ஏழு கேன்கள், 140 கிலோ. தண்ணீர் கேனில் இன்னொரு நன்மை, படகுக்குள் தண்ணீர் ஏறினாலும் அது படகை அடியில் இழுக்காது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. மணல் மூட்டையோ கல்லோ வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

உயிர்காப்பு உடை போட்டு, இன்ஜினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, பெரியவரின் சம்மதத்தோடு 12 அடிப் படகைக் கரைக்கு அருகிலேயே ஓட்டினேன். போய்க்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. நல்ல வேகம் பிடித்தபின், இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைச் சட்டென்று குறைத்தேன். முன்னால் யாரோ நீந்துகிறார்கள், அல்லது மகளின் தொப்பி பறந்துவிட்டது என்றால் அப்படித்தானே செய்வோம். படகு நின்றது. அது கிளப்பிய அலை நிற்கவில்லை. பின்னாலேயே வந்து பின்பலகையின் மேலேறி உள்ளே கொட்டியது. ஒரு வாளி இருக்கும். கால் நனைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாளி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

கரைக்கு வந்து அளந்தேன். பின்பலகை, அதாவது இன்ஜின் தொங்கும் பலகை, அந்தப் படகில் 15 அங்குல உயரம், 38 செ.மீ. புரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டு குட்டையாக உள்ள இன்ஜினுக்கு ஏற்ற அளவு. பக்கச் சுவர்கள் உயரமாக இருந்ததால் படகே உயரம் என்று நினைத்துவிட்டேன். இன்ஜினுக்காக நடுவில் வெட்டிய இடம்தான் படகின் உண்மையான உயரம். பாரம் ஏற்றி நான் பின்னால் உட்கார்ந்தபோது அந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே 17 செ.மீ.தான் மிச்சம். அந்தப் படகு இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் காலத்தில் செய்தது. இப்போது தொங்குவது நான்கு ஸ்ட்ரோக், 40 கிலோ பக்கம். பழைய இன்ஜினைவிட சில கிலோ கூடுதல், அதுவும் படகின் கடைசி ஓரத்தில். அதற்குப் பக்கத்திலேயே ஓட்டுகிற நான், என் காலடியில் பெட்ரோல் டேங்க். எல்லா எடையும் ஒரே மூலையில். இது ஒரு படகின் குறை இல்லை, கைப்பிடி பிடித்து ஓட்டும் சின்னப் படகுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். நீளமான பெட்ரோல் குழாய் போட்டு டேங்கை முன்னால் தள்ளலாம். கைப்பிடிக்கு நீட்டிப்பு மாட்டி, ஓட்டுபவர் நடு இருக்கைக்கு அருகில் வரலாம். இரண்டும் செய்தால் பின்பக்கம் நன்றாகவே மேலேறும். ஆனாலும் 38 செ.மீ. 38 செ.மீ.தான்.

அதே ஏழு கேன்களோடு 14 அடிப் படகு. இதன் பின்பலகை 20 அங்குலம், 51 செ.மீ., நீளத் தண்டு இன்ஜின். தட்டையான அடி நீரில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுவது சுலபம். தண்ணீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 3.7 மீட்டருக்கு 1.2 மீட்டர். ஒரு செ.மீ. இறங்க 44 கிலோ வேண்டும். படகு, இன்ஜின், நான், கேன்கள், பேட்டரி எல்லாம் சேர்த்து 440 கிலோ சொச்சம், ஆக சராசரியாக ஒரு 10 செ.மீ. கோரைக்குள் முழங்கால் ஆழத்தில் தாராளமாகப் போகலாம். திராட்டிலைச் சட்டென்று குறைத்தேன். அலை வந்தது, பின்பலகையை முட்டித் தூக்கியது, உள்ளே வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, அலைக்குப் பக்கவாட்டில் படகை விட்டேன். ஆடியது, ஆனால் ஒரு கட்டில் ஆடுகிற மாதிரிதான். விளிம்பை ஒட்டி எழுந்து நின்று பார்த்தேன். சாய்ந்தது, நின்றது.

இத்தனை கேன்களோடு 15 குதிரைத்திறன் இன்ஜினால் படகை நீருக்கு மேல் எழுப்ப முடியவில்லை, திணறியது. இதையும் சொல்ல வேண்டும். படகு எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட ஒரு குதிரைத்திறனுக்கு 20 கிலோ போல என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. நான் தனியாகப் போனால் 305 கிலோ, எழும்பியது. மூன்று பேர் பாரத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு 30 கிலோவை நெருங்குகிறது. எழும்பாத படகுக்கு ஒரு வேக எல்லை இருக்கிறது. நீரைத் தொடும் நீளம் 12 அடி என்றால் மணிக்கு சுமார் 8.6 கி.மீ. அதற்கு மேல் பெட்ரோல் எரியும், அலை எழும்பும், வேகம் பெரிதாகக் கூடாது. குடும்பத்தோடு போகும்போது எனக்கு 8 கி.மீ. போதும். வேகம் வேண்டும் என்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் படகில் பதித்திருக்கும் விவரத் தகட்டில் அனுமதித்த அளவுக்கு மேல் இன்ஜினைப் பெரிதாக்க முடியாது.

சரி, 14 அடிதான் என்று அப்போதே முடிவாகிவிடவில்லை. துடுப்புப் போட்டுப் பார்த்தபோது மறுபடி குழம்பினேன். இன்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? 12 அடிப் படகு துடுப்புக்கு அழகாக நகர்ந்தது, நேர்கோட்டில் போனது. 14 அடி நகரவே யோசித்தது. நகர்ந்தாலும், கூர் இல்லாத அடி என்பதால் தண்ணீரில் பிடிமானம் இல்லாமல் காற்று தள்ளும் பக்கமெல்லாம் வழுக்கியது. எதிர்காற்றில் இதைத் துடுப்பால் கரை சேர்ப்பது என்னால் ஆகாது.

அன்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து இரண்டு படகின் குறைகளையும் ஒவ்வொன்றாகப் பேசினோம். பேசப் பேச ஒன்று தெளிவானது. நிறைகளை எண்ணிக்கொண்டிருந்த வரைக்கும் தராசு இரண்டு பக்கமும் மாறி மாறி இறங்கியது. குறைகளை எடுத்து, இதை நான் ஓட்டும் விதத்தால் சமாளிக்க முடியுமா, முடியாதா என்று கேட்டபோதுதான் படகுகள் பிரிந்தன. தட்டைப் படகு அலையில் அறையும்: திராட்டிலைக் குறைத்தால் அறையாது, நான் சோதித்துப் பார்த்தேன், மெதுவாகப் போனால் அலையின் மேல் ஏறி இறங்குகிறது. காற்றில் வழுக்கும்: நல்ல நங்கூரமும், ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறும் வைத்திருந்தால், இன்ஜின் நின்றாலும் படகை அங்கேயே நிறுத்திவிட்டு உதவிக்கு அழைக்கலாம். கனம் அதிகம், தனியாகத் தூக்க முடியாது: டிரெய்லரில் படகை இழுத்து ஏற்றும் கைவின்ச் இருக்கிறது. சதுர அணியம் பெரிய அலையில் தண்ணீரை அள்ளும்: இதுதான் உண்மையான ஆபத்து, இதற்கு ஒரே வழி அந்த அலையில் போகாமல் இருப்பது. ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் வகைப்பாட்டில், அமைதியான நீருக்கான டி வகைப் படகுகளுக்குச் சொல்லியிருப்பது 0.3 மீட்டர் அலை, எப்போதாவது 0.5 மீட்டர், காற்றின் வலிமையை அளக்கும் பியூஃபோர்ட் அளவில் 4 வரை காற்று. எங்கள் ஏரியில் மதியத்துக்கு முன் அந்த எல்லைக்குள்தான் இருக்கும். மதியத்துக்கு மேல் திறந்தவெளிக்குப் போவதில்லை என்று அன்றே பேசிக்கொண்டோம்.

12 அடிப் படகின் குறை, அது குறுகல். பின்பலகை தாழ்வு. அப்பா ஏறும்போது நான் எப்படி ஓட்டினாலும், எவ்வளவு கவனமாக இருந்தாலும், அது அகலமாகாது.

ரிவெட்டா வெல்டிங்கா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். எனக்கு அது முடிவை மாற்றும் விஷயமாகவே இல்லை. மெல்லிய அலுமினியத் தகட்டை ரிவெட்டால் இணைப்பது விமானத் தொழிலின் கைவேலை. 1944-ல் அமெரிக்காவின் கிரம்மன் விமான நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன், கித்தான் போர்த்திய மரத் தோணி ஒன்றைச் சுமந்து களைத்துப்போய், இதை அலுமினியத்தில் செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்ததும் அந்த நிறுவனம் விமானத் தகட்டையும் ரிவெட்டையும் வைத்து அலுமினியத் தோணிகளைச் செய்யத் தொடங்கியது. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம், எஃகுக்கு 7.8-க்கு மேல். ரிவெட் என்றால் தகட்டை இன்னும் மெல்லியதாக வைக்கலாம், அதனால்தான் 12 அடிப் படகு 75 கிலோவில் நின்றது. வருடங்கள் போனால் ரிவெட் தளரும், பொட்டுப் பொட்டாகக் கசியும். ஒரு பக்கம் கனமான இரும்புக் கட்டியைப் பிடித்து, மறுபக்கம் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். வெல்டிங் கசியாது, ஆனால் விரிசல் விட்டால் அது பற்றவைத்த தையலை ஒட்டித்தான் விடும், அதைச் சரிசெய்ய அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்தவர் வேண்டும். இரண்டிலும் பழுது உண்டு, ரிவெட்டின் பழுது சின்னது, அடிக்கடி வருவது. வெல்டிங்கின் பழுது அரிது, வந்தால் பெரியது.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரியவர் ஒரு வழி காட்டினார். படகைத் தண்ணீரில் போடுவதற்குப் பதிலாகத் தண்ணீரைப் படகில் ஊற்றுவது. டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே நான்கைந்து செ.மீ. உயரத்துக்கு ஊற்றிவிட்டு, கீழே குனிந்து பார்த்தால் எந்த ரிவெட்டில் துளி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடலாம். அவர் படகில் ஐந்து வட்டம் விழுந்தது. தானே போட்டுக் காட்டினார், மறைக்கவில்லை. நிறைய ஊற்றக் கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு 5 செ.மீ. தண்ணீர் 50 கிலோ, வெளியே தண்ணீர் தாங்காத நிலையில் அந்தக் கனத்துக்குத் தகடு வளைந்துவிடும்.

14 அடிப் படகில் இதே சோதனையில் ஒரு துளியும் கசியவில்லை. ஆனால் அங்கே வேறொன்று இருந்தது. தரைப் பலகையைத் தூக்கச் சொன்னேன். பேட்டரி இருந்த இடத்துக்குக் கீழே, மேலுறை கிழிந்த செம்புக் கம்பித் துண்டு ஒன்று ஈரத்தில் கிடந்தது. அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. அலுமினியப் படகில் செம்பு கிடக்கவே கூடாது. ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். சுத்தம் செய்யாத மூலையில் கிடக்கும் ஒரு செம்பு நாணயம் போதும், காலப்போக்கில் ஓட்டை விழும். செம்பு கலந்த அடிவண்ணத்தை அலுமினியப் படகுக்குப் பூசக் கூடாது என்பதும் இதனால்தான். பொடியைச் சுரண்டிவிட்டு ஊசியால் ஆழம் பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 2.5-ல் அது பரவாயில்லை. 1.5 மில்லிமீட்டர் தகடாக இருந்தால் யோசித்திருப்பேன்.

பின்பலகைக்குள் இருக்கும் மரமும் இதே சங்கதிதான். பல படகுகளில் அலுமினியத் தகட்டுக்கு நடுவே ப்ளைவுட் இருக்கும். அது உளுத்தால் இன்ஜின் தள்ளும் விசையைத் தாங்காது. இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், பலகை அசைகிறதா என்று பார்த்தேன், சுத்தியல் பிடியால் தட்டினேன். இரண்டு படகிலும் கெட்டியான சத்தம். 14 அடியில் முன்பு ஒருமுறை மரத்தை மாற்றியிருக்கிறார்கள். எந்த மரம் என்று கேட்டேன். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய ப்ளைவுட்டைப் போட்டுவிடுவார்கள், மரம் நன்றாக இருக்கும், சுற்றியுள்ள அலுமினியம் போய்விடும். இவர் சாதாரண மரைன் ப்ளைவுட்டை எபாக்சி பூசிப் போட்டிருந்தார், மிச்சத் துண்டைக்கூட வைத்திருந்தார்.

இருக்கைகளுக்குக் கீழே உள்ள ஃபோமைப் பார்க்காமல் வாங்காதீர்கள். படகு தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் மிதப்பது அதனால்தான். பழைய ஃபோம் ஈரம் குடித்துவிட்டால் மிதப்பும் குறையும், கனமும் கூடும். ஒரு மூலையில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பிழிந்து பார்த்தால் தெரிந்துவிடும். 12 அடியில் காய்ந்திருந்தது. 14 அடியில் பின் இருக்கைக்குக் கீழே மட்டும் ஈரம். அதை மாற்றும் வேலையை என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இன்ஜின்கள் இரண்டுமே நல்லவை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று பொருள், இரண்டிலும் தெளிவாக இருந்தது. குளிர்விக்கும் தண்ணீர் பக்கத்துத் துளையில் தாரையாக வந்தது. சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதனால் அதை வைத்துப் படகைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக அப்பாவை 14 அடிப் படகுக்கு அழைத்துப் போனேன். அன்றும் விளிம்பை ஒட்டித்தான் காலை வைத்தார். படகு கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். இரண்டாவது காலைத் தானாகவே எடுத்து வைத்தார். நடுவில் நடந்து போய் முன் இருக்கையில் உட்கார்ந்தார். மகள் அவருக்குப் பின்னால் ஏறினாள். கோரைப் பக்கம் போனதும் அவர் எழுந்து நின்று தூண்டிலை வீசினார், நான் உட்காரச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. பின் இருக்கையின் ஃபோமை மாற்றினேன், எடுத்ததை எடை போட்டபோது 11 கிலோ, புதிதாக வைத்தது 2 கிலோவுக்கும் குறைவு. பெட்ரோல் டேங்க் நடு இருக்கைக்கு முன்னால் போய்விட்டது. தரையில் ரப்பர் விரிப்பு போட்டோம், அந்த அறைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. நங்கூரக் கயிறு 40 மீட்டர், மகள்தான் அதன் பொறுப்பாளர்.

போன வாரம் காற்று சீக்கிரமே ஏறிவிட்டது. நாங்கள் திரும்பி, கோரையின் மறைவில் மெதுவாக வந்துகொண்டிருந்தோம். திறந்தவெளியில் ஒரு சின்னப் படகு, ஒரே ஆள், அலைக்கு நேராக அணியத்தை வைத்துப் போய்க்கொண்டிருந்தது. ஏறுகிறது, இறங்குகிறது, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கி விழுகிறது.

“அந்தப் பெரியவர் படகுதானே அது?” என்றார் அப்பா.

“ஆமாப்பா. யாரோ வாங்கியிருக்காங்க.”

அது முனையைத் தாண்டி மறையும் வரைக்கும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். “நல்லா போகுது,” என்றார். பிறகு தூண்டிலைச் சுருட்டப் போனார், எழுந்து நின்றபடியே.